பெயர் போடாத பத்திரிகை

மலர்க் குழுக் கூட்டத்தில் தமிழ் இதழ்களைப் பற்றி எழுத ஆளாளுக்குக் கை தூக்கிவிட்டார்கள். ஒருவருக்குக் ‘கல்கி’, ஒருவருக்கு ‘மஞ்சரி’, இன்னொருவருக்குச் சிற்றிதழ்கள் அத்தனையும். மிச்சம் இருந்தது ஆங்கில அலமாரியின் ஓரத்தில் கிடக்கும், இடது மூலையில் சிவப்புப் பெட்டி போட்ட வார இதழ். “அதை எடுத்தால் கீழே வைக்காதவர் நீங்கள்தானே சார்” என்று நூலகர் சொல்ல, ‘தி எகனாமிஸ்ட்’ என் பங்குக்கு வந்து சேர்ந்தது. நம் ஊர் நூலகத்தின் பொன்விழா மலரில் லண்டன் பத்திரிகைக்கு என்ன வேலை என்று சிலர் முகம் சுளித்தார்கள். நம் மேசையில் வாராவாரம் வந்து விழுந்த எதற்கும் இந்த மலரில் இடம் உண்டு என்பது என் கட்சி.

அந்த இதழை நான் முதலில் கவனித்தது கட்டுரைக்காக இல்லை. உள்ளே ஒரு தெற்காசிய வரைபடம். காஷ்மீரின்மேல் ஊதா மையில் ஒரு ரப்பர் முத்திரை. இந்தியாவின் எல்லை இதில் சரியாகக் காட்டப்படவில்லை, இது அங்கீகாரம் பெற்றதும் இல்லை என்ற பொருளில் ஆங்கிலத்தில் இரண்டு வரி. மை அடுத்த பக்கத்திலும் ஊறியிருந்தது. ஒவ்வொரு பிரதியிலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து கையால் குத்தியிருக்கிறார் என்று நினைத்தபோது எனக்கு அந்தப் பத்திரிகையின்மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது. 2011 மே மாதம் முத்திரையும் போதாமல் போயிற்று. காஷ்மீர் வரைபடம் வந்த இதழின் 28,000 பிரதிகளில் அந்த இடத்தில் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டித்தான் இந்தியாவில் விற்க முடிந்தது. வாசிப்பறையில் நாங்கள் மூன்று பேர் அந்தப் பக்கத்தை டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தோம். ஸ்டிக்கருக்கு அடியில் கோடுகள் மங்கலாகத் தெரிந்தன.

வாராவாரம் வந்தாலும், வழுவழுத் தாளில் வந்தாலும், அது தன்னை மேகசின் என்று சொல்லிக்கொள்ளாது. நியூஸ்பேப்பர் என்றுதான் தலையங்கத்தில் தன்னைக் குறிப்பிடும். பிறந்தபோது செய்தித்தாளாகப் பிறந்தோம், இப்போது ஏன் ஜாதி மாற வேண்டும் என்கிற பிடிவாதம். அந்தப் பிறப்பைச் சொல்லாமல் இந்தப் பிடிவாதம் புரியாது.

தொடங்கியவர் ஒரு தொப்பி வியாபாரி. ஜேம்ஸ் வில்சன், 1805-இல் ஸ்காட்லாந்தின் ஹாவிக் ஊரில் பிறந்தவர். அப்பாவுக்குக் கம்பளி ஆலை. மகன் லண்டனுக்கு வந்து தொப்பி செய்து காசு பார்த்தார். பிறகு அவுரி விலை ஏறும் என்று கணக்குப் போட்டு வாங்கிக் குவித்தார். விலை விழுந்தது. 1837 வாக்கில் சொத்தில் பெரும்பகுதி போயிற்று. சந்தையில் கைசுட்டுக்கொண்ட மனிதர் சந்தையின்மேல் கோபப்படுவார் என்று எதிர்பார்ப்போம். வில்சனோ சந்தைக்கு வக்கீலானார். அன்று பிரிட்டனில் வெளிநாட்டுத் தானியம் மலிவாக உள்ளே வராதபடி சுங்கம் போட்டு வைத்திருந்தார்கள். நிலப்பிரபுக்களுக்குக் கொழுத்த விலை, ஆலைத் தொழிலாளிக்கு விலையேறிய ரொட்டி. இந்தத் தானியச் சட்டங்களை ஒழிப்பதற்காகவே 1843 செப்டம்பர் 2 அன்று முதல் இதழ் வந்தது. தொடக்கத்தில் பெரும்பாலான பக்கங்களை வில்சனே எழுதினார். பெயர் போடவில்லை. அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் பெயர் போடும் வழக்கமே கிடையாது என்பதால் அதை யாரும் ஒரு கொள்கையாகப் பார்க்கவில்லை.

1846-இல் தானியச் சட்டங்கள் நீக்கப்பட்டன. ஒரு கோரிக்கைக்காகத் தொடங்கிய ஏடு, கோரிக்கை நிறைவேறியதும் மூடுவிழா கொண்டாடுவதுதான் உலக வழக்கம். வில்சன் அதற்கு ஒரு வருடம் முன்பே கடையை விரித்திருந்தார். பிரிட்டனே ரயில் கம்பெனிப் பங்குகளில் பைத்தியமாக இருந்த 1845-இல் பத்திரிகையின் பெயர் ‘தி எகனாமிஸ்ட், வீக்லி கமர்ஷியல் டைம்ஸ், பேங்கர்ஸ் கெசட், அண்ட் ரயில்வே மானிட்டர்’ என்று நீண்டது. அதற்குக் கீழே அரசியல், இலக்கிய, பொதுச் செய்தித்தாள் என்று ஒரு வால் வேறு. நம் ஊர்த் திருமண அழைப்பிதழில் மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் பட்டங்கள் வருமே, அப்படி.

அதே ஆண்டில் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகத் தொடங்கியது. இந்தப் பத்திரிகையின் வரலாற்றில் நான் மெதுவாக வாசித்த பகுதி இதுதான். பசியால் சனங்கள் செத்துக்கொண்டிருந்தபோது, அரசு தானியச் சந்தையில் தலையிடக்கூடாது, ஒருவரின் சோற்றுக்கு இன்னொருவர் பொறுப்பில்லை என்ற கொள்கையில் வில்சனின் ஏடு அசையாமல் நின்றது. ஏழைக்கு ரொட்டி மலிவாகக் கிடைக்க வேண்டும் என்று தொடங்கியவரேதான். லண்டன் நிதித் துறையில் அயர்லாந்து நிவாரணத்தைக் கையாண்ட அதிகாரியும் ஏறக்குறைய அதே சித்தாந்தக்காரர். அவர் பெயர் சார்லஸ் டிரெவெல்யன். சென்னைக்காரர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமானது.

பிறகு வில்சன் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1853-இல் சார்ட்டர்டு வங்கியைத் தொடங்கினார். இன்றைய ஸ்டாண்டர்டு சார்ட்டர்டில் பாதி அது. அதே ஆண்டு நிதித் துறையில் பதவியும் ஏற்று, டிரெவெல்யன் இருந்த அலுவலகத்துக்கே வந்து சேர்ந்தார். 1859-இல் டிரெவெல்யன் சென்னை மாகாண ஆளுநராகக் கப்பலேற, அந்த ஆண்டின் கடைசியில் வில்சன் கல்கத்தாவுக்கு வந்தார், வைஸ்ராய் சபையின் நிதி உறுப்பினராக. 1857 எழுச்சியை அடக்கிய செலவில் கஜானா காலி. அதை நிரப்ப 1860-இல் இந்தியாவின் முதல் பட்ஜெட்டை வில்சன் வைத்தார். அதில் வருமான வரியும் இருந்தது. ஆண்டு வருமானம் 200 ரூபாயைத் தாண்டினாலே வரி. நம் சம்பளப் பட்டியலில் மாதாமாதம் பிடிக்கிறார்களே, அதற்கு மூலபுருஷர் இவர்தான். அந்தச் சட்டம் வந்த ஜூலை 24-ஐ வருமான வரித் துறை இன்றும் தன் நாளாகக் கொண்டாடுகிறது.

சென்னையிலிருந்து டிரெவெல்யன் எதிர்த்தார். புது வரி எதற்கு, செலவைக் குறையுங்கள் என்று எழுதினார். கோப்பில் எழுதியதோடு விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திராது. தன் குறிப்பைப் பத்திரிகைகளுக்கே கொடுத்துவிட்டார். ஆளுநரே அரசுக்கு எதிராகப் பத்திரிகையில் பேசுவதா என்று லண்டன் அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டது. பத்திரிகை நடத்தியவர் அரசாங்கப் பக்கமும், அரசாங்க அதிகாரி பத்திரிகைப் பக்கமும் நின்ற விசித்திரமான சண்டை அது. வென்றவர் அனுபவிக்கவில்லை. வில்சன் கல்கத்தாவில் வயிற்றுக்கடுப்பில் விழுந்து, 1860 ஆகஸ்ட் 11 அன்று, 55 வயதில் இறந்தார். டிரெவெல்யன் சில ஆண்டுகளில் அதே நிதி உறுப்பினர் பதவிக்குத் திரும்பி வந்தார். வில்சன் போட்ட வரி 1865-இல் காலாவதியாக விடப்பட்டது. (வரி பிறகு வேறு உருவில் மீண்டு வந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை.) வில்சனின் கல்லறை மல்லிக் பஜார் இடுகாட்டில் நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 2007-இல் அதைத் தேடிக் கண்டுபிடித்தவர் ஒரு வருமான வரி அதிகாரி.

சென்னையில் டிரெவெல்யன் போட்ட பூங்காதான் சென்ட்ரல் பக்கத்து பீப்பிள்ஸ் பார்க். அந்தப் பூங்கா நிலத்தில்தான் பிறகு மூர் மார்க்கெட் வந்தது. 1985-இல் அது எரிவதற்கு முன், அங்கே பழைய புத்தகக் கடைகளில் கட்டுக்கட்டாகக் கிடந்த எகனாமிஸ்டை நான் எடை போட்டு வாங்கியிருக்கிறேன். எதிராளியின் தோட்டத்திலேயே வில்சனின் சரக்கு விற்றிருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

வில்சன் போட்டது அஸ்திவாரம் என்றால், குரல் கொடுத்தவர் அவருடைய மருமகன். வில்சனுக்கு ஆறு பெண்கள். மூத்தவர் எலைசாவை 1858-இல் மணந்தவர் வால்டர் பேஜட். (எழுத்துக் கூட்டிப் படித்தால் ‘பேக்ஹாட்’ என்று வரும். அப்படிப் படித்து ஒரு கருத்தரங்கில் நான் அசடு வழிந்திருக்கிறேன்.) 1861 முதல் 1877-இல் இறக்கும்வரை அவரே ஆசிரியர். பிரிட்டனின் அரசியலமைப்பு பற்றியும் லண்டன் பணச்சந்தை பற்றியும் அவர் எழுதிய இரண்டு நூல்கள் இன்றும் பாடமாக இருக்கின்றன. வங்கிகளில் பீதி பரவினால் மத்திய வங்கி பயந்து கையை மூடக்கூடாது, நல்ல ஈட்டின் பேரில், உயர்ந்த வட்டியில், தாராளமாகக் கடன் கொடுக்க வேண்டும் என்று 1873-இல் அவர் சொன்னதை 2008 நெருக்கடியில் மத்திய வங்கிக்காரர்கள் மந்திரம்போல் சொன்னார்கள். எழுத்தில் அவர் வைத்த விதி இன்னும் எளிது. இரண்டு பேர் பேசிக்கொள்வதுபோல் எழுது. பணச்சந்தையைப் பற்றிப் பேச்சுநடையில் எழுத முடியும் என்பதே அன்று புதுமை.

அவருக்குப் பின் வந்த ஆசிரியர்களில் பலரை வேகமாகத் தாண்டிவிடலாம். பிரான்சிஸ் ஹர்ஸ்டை மட்டும் தாண்ட மனமில்லை. முதல் உலகப் போரை எதிர்த்ததால் 1916-இல் நாற்காலியை இழந்தவர். 1938 முதல் 1956 வரை இருந்த ஜெஃப்ரி கிரௌதரையும் விட முடியாது. ‘பெயர் போடாமை’ பழக்கத்திலிருந்து கொள்கையானது அவர் வாயால்தான். பெயர் இல்லாததால் ஆசிரியர் பத்திரிகைக்கு முதலாளி ஆவதில்லை, தன்னைவிடப் பெரிய ஒன்றுக்கு வேலைக்காரர் ஆகிறார் என்பது அவர் வாதம். மற்ற ஏடுகளெல்லாம் ஒவ்வொன்றாகப் பெயர் போடத் தொடங்கிய பிறகும் இது மட்டும் போடாமல் நின்றது. விதிவிலக்குகள் உண்டு. நீண்ட சிறப்பு அறிக்கைகளை எழுதுபவர் பெயர் வரும். வெளியார் எழுதினால் வரும். பதவி விட்டுப் போகும் ஆசிரியர் தன் கடைசித் தலையங்கத்தில் கையெழுத்துப் போடுவார். பத்து ஆண்டுகள் வாராவாரம் உலகத்துக்குப் புத்தி சொன்னவரின் பெயரை வாசகர் முதல்முறையாக அச்சில் பார்ப்பது அவர் விடைபெறும் அன்றுதான்.

அப்படியானால் தலையங்கங்களில் ‘நாம்’ என்று பேசுவது யார்? திங்கட்கிழமை காலைகளில் ஆசிரியரின் அறையில் எல்லோரும் கூடுவார்கள். நாற்காலி போதாமல் தரையில், ஜன்னல் ஓரத்தில் உட்காருவார்கள். இந்த வாரம் தலையங்கம் எதைப் பற்றி, என்ன நிலைப்பாடு என்று வாக்குவாதம். நேற்றுச் சேர்ந்த பையனும் மூத்தவரை மறுத்துப் பேசலாம். கேட்டுவிட்டு ஆசிரியர் முடிவெடுப்பார். தோற்ற கட்சிக்காரரின் வாதமும் எங்கோ ஒரு வாக்கியமாக உள்ளே போய்விடும். பெயர் இருந்தால் இது நடக்காது என்பது அவர்கள் சொல்வது. அமெரிக்க எழுத்தாளர் மைக்கேல் லூயிஸ் சொன்னது வேறு: இது கிழவர்கள்போல் பாவனை செய்யும் இளைஞர்கள் எழுதும் பத்திரிகை, அவர்களுடைய முகப்பருவை வாசகர்கள் பார்த்தால் சந்தாவை நிறுத்திவிடுவார்கள் என்றார். எனக்கு இரண்டுமே சரியென்று படுகிறது. எல்லாம் தெரிந்த பெரியப்பா தொனியில் அந்தப் பக்கங்கள் சோமாலியாவுக்கும் சிலிக்கும் ஒரே மூச்சில் மருந்து எழுதும்போது, இந்த மருத்துவருக்கு என்ன வயது என்று நானும் கேட்டிருக்கிறேன்.

பெயரில்லாத கூட்டத்தில் யார் யாரெல்லாம் இருந்தார்கள்! தத்துவ அறிஞர் ஹெர்பர்ட் ஸ்பென்சர் 1848 முதல் சில ஆண்டுகள் துணையாசிரியர். ஸ்ட்ராண்ட் தெரு அலுவலகத்திலேயே அவருக்கு அறை. பார்பரா வார்டு இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெளிநாட்டுப் பக்கங்களைக் கவனித்தார். 1956 முதல் பெய்ரூட்டிலிருந்து செய்தி அனுப்பியவர் கிம் ஃபில்பி. 1963 ஜனவரியில் ஒருநாள் அவர் காணாமல் போய், பிறகு மாஸ்கோவில் தென்பட்டார். சோவியத் உளவாளி. இத்தனைக்கும், பிரிட்டிஷ் கோடீஸ்வரர்களுக்காகப் பேசும் ஏடு என்று லெனினே 1915-இல் முத்திரை குத்திய பத்திரிகை அது.

பெயருள்ளவர்கள் தவறு செய்தால் அவர்கள் தலையில் கட்டிவிட்டுப் பத்திரிகை நழுவலாம். ‘நாம்’ என்று எழுதியவர்களுக்கு அந்த வசதி இல்லை. 1999 மார்ச்சில், எண்ணெய் பீப்பாய் 10 டாலர் வாக்கில் இருந்தபோது, அது 5 டாலருக்கும் போகலாம் என்று அட்டைப்படம் போட்டார்கள். வாசகர்கள் பத்திரிகையைக் கீழே வைப்பதற்குள் விலை ஏறத் தொடங்கியது. டிசம்பரில் 25 டாலரை ஒட்டி நின்றபோது, தப்புப் பண்ணிட்டோம் என்ற தொனியில், இலக்கணத்தையும் எழுத்தையும் வேண்டுமென்றே கொச்சையாக்கித் தலைப்பிட்டு ஒத்துக்கொண்டார்கள். 2000-இல் ஆப்பிரிக்காவை நம்பிக்கையற்ற கண்டம் என்று அட்டையில் அறிவித்தவர்கள், 2011-இல் ஆப்பிரிக்கா எழுகிறது என்று இன்னோர் அட்டை போட்டார்கள். 2003 இராக் போரை ஆதரித்தது இவ்வளவு லேசாகக் கழுவிவிடக்கூடிய கறை இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பேஜட்டின் ஏடு, அடிமை முறை பிடிக்காது என்று சொல்லிக்கொண்டே, பிரிந்துபோகும் தென்மாநிலங்கள்பால் சாய்ந்தது. ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 2014-இல், அமெரிக்க அடிமை முறை பற்றிய ஒரு வரலாற்று நூலின் மதிப்புரையில், அடிமை எசமானர்களைக் கொடியவர்களாகவே காட்டிவிட்டார் என்று ஆசிரியர்மேல் குறைப்பட்டார்கள். வாசகர்கள் கொதித்ததும் மதிப்புரையைத் திரும்பப் பெற்று மன்னிப்புக் கேட்டார்கள். எழுதியவர் யார்? பெயர் இல்லை.

முதலாளிகள் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1928-இல் செய்த ஏற்பாட்டின்படி ஆசிரியரை நியமிக்கவும் நீக்கவும் அறங்காவலர்களின் சம்மதம் வேண்டும். பங்கு எவ்வளவு வைத்திருந்தாலும் தலையங்கத்தில் கைவைக்க முடியாது. பத்திரிகையில் பாதிப் பங்கு வைத்திருந்த பியர்சன் குழுமம் 2015-இல் அதை விற்றபோது, இத்தாலியின் அன்யெல்லி குடும்பத்து எக்சோர் 43.4 சதவீதம் பெற்றது; ஆனால் வாக்குரிமை 20 சதவீதத்தோடு நிற்கும். இத்தாலி என்றதும் ஞாபகம் வருகிறது. 2001-இல் பெர்லுஸ்கோனி இத்தாலியை ஆளத் தகுதியற்றவர் என்று அட்டையிலேயே போட்டார்கள். அவர் தேர்தலில் வென்று பிரதமராகி, பத்திரிகைமேல் வழக்கும் போட்டார். 2008-இல் மிலான் நீதிமன்றம் பத்திரிகைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

ஆள்களுக்குப் பெயர் கொடுக்காதவர்கள் பத்திகளுக்கு மட்டும் ஆசையாசையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். பிரிட்டன் பத்திக்கு ‘பேஜட்’. அமெரிக்கப் பத்திக்கு ‘லெக்சிங்டன்’, சுதந்திரப் போரின் முதல் வெடி வெடித்த ஊர். ஐரோப்பாவுக்கு மாமன்னர் ‘ஷார்லமேன்’. பங்குச்சந்தைப் பத்திக்கு ‘பட்டன்வுட்’, 1792-இல் நியூயார்க் தரகர்கள் கூடி ஒப்பந்தம் செய்த மரம். 2009-இல் வந்த ஆசியப் பத்திக்கு ‘பான்யன்’, நம் ஆலமரம். அந்த ஆங்கிலச் சொல்லே குஜராத்தி வணிகர்களைக் குறித்த ‘வாணியா’விலிருந்து வந்தது, பாரசீக வளைகுடாத் துறைமுகத்தில் அந்த வியாபாரிகள் கூடிய மரத்துக்கு வெள்ளைக்காரன் அவர்கள் பெயரையே வைத்துவிட்டான். தொப்பி வியாபாரி தொடங்கிய பத்திரிகைக்கு மரங்கள்கூடச் சந்தைக்கடை மரங்களாகவே வாய்த்திருக்கின்றன.

விளையாட்டுக்கும் குறைவில்லை. எந்த நாட்டு நாணயம் உண்மையில் எவ்வளவு பெறும் என்று பார்க்க, 1986-இல் மெக்டொனால்ட்ஸ் பிக் மேக் ரொட்டியின் விலையை நாட்டுக்கு நாடு ஒப்பிட்டார்கள். வேடிக்கையாகத் தொடங்கியது பாடப்புத்தகம்வரை போய்விட்டது. இந்தியாவில் மாட்டிறைச்சி பிக் மேக் கிடையாது. இங்கே மட்டும் கோழி வைத்த மகாராஜா மேக் விலையைக் கணக்கில் எடுத்தார்கள். கூகுளைப் பற்றி எழுதினாலும் அது ஒரு தேடுபொறி நிறுவனம் என்று இரண்டு சொல்லில் அறிமுகம் செய்துவிட்டுத்தான் மேலே போவார்கள். படத்துக்கு அடியில் ஒற்றை வரிக் கேலி கட்டாயம். பாதி வாசகர்கள் அதற்காகவே பக்கத்தைப் புரட்டுகிறார்கள் என்பது என் சந்தேகம்.

நான் புரட்டுவது பின்னாலிருந்து. 1995 முதல் கடைசிப் பக்கம் அஞ்சலிக் குறிப்பு. வாரத்துக்கு ஒரே ஒரு சாவு. அரசனாக இருக்கலாம், யாருக்கும் தெரியாத ஒரு கைவினைஞராகவும் இருக்கலாம். 2003-இல் அந்தப் பக்கத்தின் பொறுப்பு ஆன் ரோவிடம் வந்தது. 2007-இல் அலெக்ஸ் என்ற ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிக்கு அந்தப் பக்கம் கிடைத்தது. செல்லப்பிராணிக் கடையில் வாங்கிய கிளி. முப்பது ஆண்டு ஆராய்ச்சிக்கூடத்தில் நிறங்களையும் எண்களையும் சொல்லக் கற்று, விஞ்ஞானிகளின் கணக்கைக் கலைத்துப்போட்டது. 2009-இல் பென்சன் என்ற கெண்டை மீன். இங்கிலாந்தின் ஒரு ஏரியில் 63 முறை தூண்டிலில் பிடிபட்டு, 63 முறையும் தண்ணீரில் திரும்ப விடப்பட்டது. கிளிக்கும் மீனுக்கும் இடம் கொடுத்த பக்கத்தில் எழுதியவர் பெயருக்கு இடம் இல்லை.

அவர்களுடைய நடைக் கையேட்டில் மரியாதைச் சொல் பற்றி ஒரு விதி உண்டு. உயிரோடிருப்பவர்களின் பெயருக்கு முன்னால் ‘மிஸ்டர்’ போட வேண்டும். இறந்தவர்களுக்குத் தேவையில்லை, நேரு வெறும் நேரு, சர்ச்சில் வெறும் சர்ச்சில். இப்போதுதான் இறந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. அந்தக் கடைசிப் பக்கத்தில் இருக்கும் வாரம் அவர் இன்னும் மிஸ்டர்தான்.